பொம்பளப் புள்ள பேரைச் சொல்லி

"கொறை இருந்தா சொல்லுங்க"ன்னு கேக்குற வாத்தியாரை அதுக்கு முன்ன நான் பாத்ததில்ல. பாக்காமலே இருந்திருக்கலாம்.

குஞ்சிதபாதம் சார் எங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டுக்குத் தலைவர். நல்ல மனுஷன். இதை மொதல்லயே சொல்லிடறேன். பின்னால நான் பொருமறதைக் கேட்டுட்டு யாரும் அவரைக் கெட்டவர்னு நெனச்சிடக் கூடாது. அவரு கெட்டவரா இருந்திருந்தா நான் பொழச்சிருப்பேன். கெட்டவங்க நாம சொல்றதக் காதுல போட்டுக்க மாட்டாங்க, நாமளும் தலையெழுத்துன்னு நம்ம வேலையப் பாத்துகினு போயிடுவோம். இவரு காதுல போட்டுக்கிட்டாரு. அதோட விட்டாரா, செஞ்சும் காட்டினாரு.

அவரு சீமைக்குப் போயிட்டு வந்தவரு. அங்கெல்லாம் எம்.எஸ்ஸி. படிக்கிற பசங்களை உக்கார வச்சு, படிப்பு எப்பிடி இருக்கு, எது பத்தல, என்ன மாத்தணும்னு கேப்பாங்களாம். கேட்டபடி மாத்தவும் செய்வாங்களாம். நம்ம யுனிவர்சிட்டியிலயும் அதைக் கொண்டாந்தே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. மத்த வாத்தியாருங்க சிரிச்சாங்க. இனிமே நாம பசங்களுக்கு மார்க் போடுறதா, பசங்க நமக்கு மார்க் போடுறதான்னு ஒருத்தர் நக்கல் அடிச்சாராம். இவரு அசரல. நானே நெய்வேலிக்குப் போயி அவங்க வாயாலயே கேப்பேன், கேட்டதுல ஒண்ணு விடாம செய்வேன்னுட்டாரு.

அப்ப நாங்க தீசிஸ் வேலைக்காக நெய்வேலியில இருந்தோம். ஆறு ஆம்பளைப் பசங்க, நான் ஒருத்தி. மைன்ஸ் லேபரட்டரியில ஒரு மூலை மேசையும், மைன்ஸுக்குள்ள எறங்க ஆளுக்கு ஒரு பாஸும் குடுத்திருந்தாங்க. பசங்களுக்கு யுனிவர்சிட்டி ஒரு தகரக் கொட்டகையும் மெஸ்ஸும் ஏற்பாடு பண்ணியிருந்துச்சு. எனக்கு அந்தக் கவலை இல்ல. எங்கப்பா நல்லசாமிக்கு மைன்ஸ்ல, கரி ஓடுற பெல்ட்டுல வேலை, பர்மனெண்ட். டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் இருந்துச்சு. அதுக்கு முன்ன வடக்குத்து கிராமத்துல அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு ஏர் ஓட்டினவரு அவரு. "எம் பொண்ணு செங்கமலம் நாம வெட்டுற கரியப் பத்தி பொஸ்தகம் எழுதுது"ன்னு ஷிப்டுல ஒரு ஆள் விடாம சொல்லி வச்சிருந்தாரு.

பொஸ்தகம் இல்ல, தீசிஸ். நெய்வேலிக் கரியை வெட்டும்போது பாதிக்குப் பாதி அதுல தண்ணிதான். கட்டியத் தூக்கினா ஊறின வெறகு மாதிரி கனக்கும். வெட்டின நிமிஷத்துல இருந்து காய ஆரம்பிச்சிடும். காஞ்சா வெடிக்கும், பொடியும், குவிச்சு வச்சா தானாவே புகையும். அந்தத் தண்ணி எந்த வேகத்துல, எந்தச் சூட்டுல கரியை விட்டுப் போவுதுங்கிறதுதான் என் ஆராய்ச்சி. மிஷின் வெட்டிப் போட்ட கட்டியை அந்த எடத்துலயே எடுத்து நிறுக்கணும், மேல கொண்டாந்து ஓவன்ல வைக்கணும், எடை கொறையக் கொறைய எழுதணும். பச்சைக் கரி இருந்தாத்தான் எனக்கு தீசிஸ். தீசிஸ் இருந்தாத்தான் எம்.எஸ்ஸி. தீசிஸ் எழுதி எம்.எஸ்ஸி. வாங்கினவங்களைத்தான் அதே லேபரட்டரியில கெமிஸ்டா எடுப்பாங்க, அங்க உக்காரணும்னு எனக்கு ஒரு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறின்னே வச்சுக்கங்க. ராத்திரி சோத்துல கை வச்சாலும் அதே நெனப்புதான்.

எனக்குக் கொறைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு. லேபரட்டரியில ஓவன் ஒண்ணுதான். அவங்க வேலை முடிஞ்சு மிச்ச நேரம் எங்களுக்கு விடுவாங்க. பாவம், அவங்களையும் சொல்லிக் குத்தமில்ல. யுனிவர்சிட்டியில சும்மா தூங்குற ஒரு ஓவனை இங்க கொண்டாந்து வச்சா என் வேலை ஓடிடும்.

பசங்களுக்குக் கொறை மூட்டை மூட்டையா இருந்துச்சு. மெஸ்ஸு சாம்பார்ல புழு மெதந்துச்சு. யுனிவர்சிட்டி அமர்த்தின வேன் ஒரு நாள் வந்தா ரெண்டு நாள் வராது, வெயில்ல நடந்தே மைன்ஸுக்குப் போகணும். உள்ள சேத்துல எறங்க பூட்ஸ் கெடையாது. எல்லாம் நெசம். பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன்.

இதை சார்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு கூடிப் பேசுனப்ப யோசனை குடுத்தவரு பழனிவேல். முத்தாண்டிக்குப்பத்துக்காரரு, எங்கள்ல மூத்தவரு, நல்லா படிக்கிறவரு. அவங்க ஊர்ல கெணறு வேணும்னு ஆம்பளைங்க மனு மேல மனு குடுத்து ஓஞ்சு போனாங்களாம். அப்புறம் இடுப்புல புள்ளையோட பொம்பளைங்களை முன்னால நிறுத்தினாங்களாம். அதிகாரி ஜீப்பை விட்டு எறங்கி வந்து கேட்டாராம், கெணறும் வந்துடுச்சாம். கதையில்ல இது. எங்க பக்கம் அதுதான் வழக்கம். மனு குடுக்கப் போனாலும் சரி, நெலத்துக்கு நஷ்ட ஈடு கேக்கப் போனாலும் சரி, பொம்பளைய முன்னால விடுவாங்க. எங்கம்மா மாணிக்கம்மாளே அப்பிடி எத்தனையோ தடவை முன்வரிசையில வெயில்ல நின்னுகினு இருந்தவங்கதான்.

"நமக்கு சோறு சரியில்லன்னா, படிக்க வந்தியா திங்க வந்தியாம்பாரு," ன்னாரு பழனிவேல். "இந்தப் பொண்ணு பேரைச் சொல்லிக் கேட்டம்னா மனசு எறங்குவாரு. கெடைக்கிறது எல்லாருக்கும் கெடைக்கும்."

எல்லாரும் ஆமாம்னாங்க. எனக்கும் அது தப்பாப் படல. எம் பேரைச் சொல்லிக்கங்க, ஆனா ஓவனை மறந்துடாதீங்கன்னு மட்டும் சொன்னேன்.

ஞாயித்துக்கெழமை டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துல ஒரு ரூமைக் கேட்டு வாங்கி சார் எங்களை அங்க கூட்டினாரு. சின்னப் புள்ளைங்க பெஞ்சுல முழங்கால் இடிக்க உக்காந்தாரு. பயப்படாதீங்க, சொன்னவங்க பேர்ல ஒரு நடவடிக்கையும் வராது, எனக்கு நெசம் வேணும்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு.

பழனிவேல் வேன்ல இருந்து ஆரம்பிச்சாரு. செங்கமலம் ஒரு வயசுப் பொண்ணு, வேன் வராம ரோட்டோரத்துல தனியா நின்னுகினு இருக்கறதப் பாக்க மனசு கேக்கலைங்கன்னாரு. நான் நின்னது வாஸ்தவம், ஆனா தனியா இல்ல, ஆறு பேரும் கூடத்தான் நின்னாங்க. அடுத்தவரு பூட்ஸைப் பிடிச்சாரு. சேத்துல அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்து எழுந்துக்கிற கண்றாவியச் சொல்லி முடியாதுங்கன்னாரு. வழுக்கினது அவரு, சிரிச்சது நானு. கடைசியா ஜாபர் அலி எழுந்தாரு. கடையில வளந்தவரு, எந்தச் சரக்கையும் தூக்கிக் காட்டத் தெரியும். மெஸ்ஸு சாப்பாடு சேராம அந்தப் பொண்ணு மைன்ஸுக்குள்ளயே மயங்கி விழுந்துடுச்சு சார், தண்ணி தெளிச்சு எழுப்பினோம்னு ஒரே போடாப் போட்டாரு. நான் மெஸ்ஸு வாசப்படியே மிதிச்சதில்ல. மூணு வேளையும் எங்கம்மா வடிக்கிற சோறு.

அட பாவிங்களா, போதும்டான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவங்க மொகத்தப் பாத்தா எல்லாம் எனக்கு நல்லது செய்யற மொகமா இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிக்கிட்டு எனக்காகப் பரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நான் எழுந்து, சார், எனக்கு ஓவன் ஒண்ணு தேவைப்படுதுன்னு ஆரம்பிச்சேன். அவரு கண்ணத் தொறந்தாரு. கலங்கியிருந்துச்சு.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. ஒனக்கு ஓவனும் உண்டு, எல்லாம் உண்டு. இவ்வளவு பட்டுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்திருக்கியே," ன்னாரு.

வெளிய வந்ததும் பழனிவேல் காரியம் பழம்னாரு. ஜாபர் அலி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு. நானும் குடிச்சேன்.

அந்த மாசம் முடியறதுக்குள்ள உத்தரவு வந்துடுச்சு. நெய்வேலி சூழ்நிலை பெண் பிள்ளைகளுக்கு ஏத்ததா இல்லைன்னு மாணவர்களே ஒருமனசா தெரிவிச்சதால, செங்கமலத்துக்கு மைன்ஸ் வேலையில இருந்து விலக்கு. பாஸைத் திருப்பிக் குடுத்துட்டு யுனிவர்சிட்டிக்கு வந்துடணும். வேண்டிய கரி அங்கயே மூட்டையில வந்து சேரும். அவளுக்குன்னே புது ஓவன் ஒண்ணு வாங்கியாச்சு. பசங்களுக்கு வேனும் இல்ல, பூட்ஸும் இல்ல, சாம்பாரும் மாறல. அதெல்லாம் அந்தப் பொண்ணுக்காகக் கேட்டதுதானே, பொண்ணுதான் அங்க இல்லையேன்னு விட்டுட்டாங்க. புள்ளையார் புடிக்கக் கொரங்கான கதைதான்.

வூட்டுல சொன்னேன். அப்பாவுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. பெரிய மனுஷன், எம் பொண்ணு வெயில்ல வாடக் கூடாதுன்னு நெனைக்கிறாரு பாரு, அவரு கால்ல விழுந்து கும்பிடணும்னாரு. அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. அவங்க ஆயுசுக்கும் முன்வரிசையில நின்னு வாங்கினது ஒரு கெணறோ, ஒரு மரத்துக்கு நஷ்ட ஈடோதான். எம் பேரைச் சொன்னதுக்கு ஒரு புது மிஷினே வந்திருக்குன்னா அவங்க சந்தோஷப்படாம என்ன பண்ணுவாங்க? அப்பா, பச்சைக் கரி இல்லாம அந்த ஓவன்ல நான் சோளம்தான் வறுக்கணும்னேன். அவருக்குப் புரியல. மூட்டையில கரிதானம்மா வருதுன்னாரு. எனக்கு அழுகைதான் வந்துச்சு, கொல்லைப் பக்கம் போயி அழுதேன்.

பழனிவேலையும் ஜாபர் அலியையும் விடல நான். சொன்னதை நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்கன்னேன். ஜாபர் அலி நடுங்கிட்டாரு, பொய் சொன்னோம்னு ஒத்துக்கிட்டா நம்ம கதி என்னன்னாரு. ஆனா வந்தாங்க. ரெண்டு பேரும் வந்தாங்க, அதை நான் மறக்க மாட்டேன். பஸ் மாறி மாறி யுனிவர்சிட்டிக்குப் போயி சேர்றப்ப சார் ரூம்லதான் இருந்தாரு.

பழனிவேல் ஒளிக்காம சொன்னாரு. சார், அதெல்லாம் எங்க கொறைங்க. எங்களுக்காகக் கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு இவங்க பேர்ல கேட்டோம். இவங்க மயங்கி விழவே இல்ல. இவங்களுக்கு அங்க ஒரு கஷ்டமும் கெடையாது. பாஸைத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

சார் எழுந்து வந்து ரெண்டு பேரையும் தோள்ல தட்டிக் குடுத்தாரு. "இந்தக் காலத்துல இப்பிடி யாருப்பா இருக்கா? கூடப் படிக்கிற பொண்ணு ஆசைப்படுதுங்கிறதுக்காகப் பொய்யன்னு பேர் வாங்கவும் துணிஞ்சிட்டீங்களே."

நான் பேசினேன். சார், சத்தியமா நான் மயங்கல. மெஸ்ஸுல நான் சாப்பிட்டதே இல்ல, எங்க வூடு அங்கதான் இருக்கு. என்னை அனுப்புங்க. மூட்டையில வர்ற கரி காஞ்ச கரி சார், அதுல என் ஆராய்ச்சி இல்லன்னேன்.

"ரோட்டுல நின்னியா இல்லியா?" ன்னாரு.

நின்னேன்னேன்.

"பாத்தியா. ஒன்ன மாதிரிப் பொண்ணுங்க கஷ்டத்தை ஒத்துக்கவே மாட்டீங்க. எனக்கும் பொண்ணு இருக்கும்மா, எனக்குத் தெரியாதா?"

செவுத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. நாங்க பொய் சொன்னப்ப ஒரு எழுத்து விடாம நம்பினாரு. நெசத்தைச் சொன்னா பெருந்தன்மைங்கிறாரு. திட்டுனா திருப்பித் திட்டலாம், அடிச்சா அழலாம். பாசத்தோட ஒருத்தரு கதவைச் சாத்தினா அதை எந்தக் கையால தட்டுறது?

யுனிவர்சிட்டி லேபரட்டரியில புது ஓவன் பளபளன்னு உக்காந்திருந்துச்சு. அதுக்கு சந்தனம் குங்குமம் கூட வச்சிருந்தாங்க. லாரியில வந்த மூட்டையை அவுத்தா கரி உதிர்ந்து கெடந்துச்சு, கையில எடுத்தா பொடி. பழனிவேல் பாவம், பச்சைக் கட்டியை டின்ல அடைச்சு, மூடியில மெழுகு வச்சு, அவரே தூக்கிட்டு வந்தாரு. தொறந்தா மூடியெல்லாம் முத்து முத்தா வேர்த்திருந்துச்சு. வழியில சூடேறி, கரிக்குள்ள இருக்க வேண்டிய தண்ணி வெளிய வந்து நின்னுச்சு. நான் அளக்க வேண்டியது அளக்கறதுக்கு முன்னயே போயிடுச்சு. இருந்தும் நிறுத்தேன், எழுதினேன். வேற வழி?

வெளியூர்ல இருந்து வந்த எக்ஸாமினர் என் தீசிஸைப் பாத்துட்டு, இது செத்த கரியோட கணக்கும்மா, பச்சைக் கரின்னு தலைப்புப் போட்டு இதை எப்பிடி ஒத்துக்கிறதுன்னு திருப்பிட்டாரு. அவரு சொன்னது சரிதான். பசங்க ஆறு பேரும் பாஸ். திரும்பவும் எழுதிக் குடுக்க எனக்கு ஒரு தவணை குடுத்தாங்க. நெய்வேலிக்கு என்னை விட்டா அந்தத் தவணையில முடிச்சிடுவேன். விடாட்டி அதோட என் படிப்பு தீந்துச்சு.

அப்பத்தான் டிபார்ட்மெண்ட் விழா வந்துச்சு. மாணவர்களைக் கேட்டு நடத்துனா எப்பிடி நல்லா நடக்கும்னு காட்ட, மத்த டிபார்ட்மெண்ட் தலைவருங்களையெல்லாம் சார் கூப்பிட்டிருந்தாரு. நக்கல் அடிச்சவரும் முன்னால உக்காந்திருந்தாரு. புதுசா சேர்ந்த எம்.எஸ்ஸி. பசங்களும் வந்திருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு, சுப்புலட்சுமி. காலையிலதான் என்னைத் தேடி வந்து, அக்கா, நானும் நெய்வேலிக் கரியிலதான் தீசிஸ் பண்ணப் போறேன், அதுக்காகத்தான் இங்க சேர்ந்தேன், வூட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா.

சார் மேடையில பேசினாரு. கேட்டோம், சொன்னாங்க, செஞ்சோம்னாரு. உதாரணத்துக்கு என்னைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாரு. நன்றி சொல்லுவேன்னு எதிர்பாத்தாரு.

நான் ஏறினேன். இது ஒண்ணுதான் மிச்சம்னு தோணுச்சு. இத்தனை பெரியவங்க முன்னால, எவரும் எனக்காகப் பேசாம, என் வாயாலயே கேட்டுட்டா அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். சபைக்கு வணக்கம்னேன். எனக்கு வெயில் கஷ்டமில்ல, சேறு கஷ்டமில்லன்னேன். நெய்வேலியில இருந்து என்னை எடுத்ததுதான் எனக்கு வந்த ஒரே கஷ்டம்னேன். தீசிஸ் போச்சு, இன்னும் ஒரு தவணைதான் இருக்கு, என் பாஸை எனக்குத் திருப்பிக் குடுங்கன்னேன். அது வரைக்கும் தெளிவாத்தான் பேசினேன். அதுக்கு மேல முடியல. எத்தனையோ நாளா அடக்கி வச்சது, மைக்கு முன்னாலயே ஒடஞ்சு போச்சு. மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதேன். பேச்சு நின்னுடுச்சு, அழுகை மட்டும் மைக்குல கேட்டுச்சு.

சார் வந்து என்னைப் புடிச்சு நாற்காலியில உக்கார வச்சாரு. மைக்கைப் புடிச்சாரு.

"இந்தக் கண்ணீரைப் பாத்துட்டு நான் சும்மா இருந்தா நான் வாத்தியாரே இல்ல," ன்னாரு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு உசுரு வந்துச்சு.

"தீசிஸுங்கிற பாரத்தை ஒரு பொண்ணு தலையில ஏத்தினது என் தப்பு. அடுத்த வருஷம்னு தள்ளிப் போடல, இன்னையில இருந்து இந்த டிபார்ட்மெண்டுல பொம்பளப் புள்ளைங்களுக்குத் தீசிஸ் கெடையாது. பாடம், பரீட்சை, அவ்வளவுதான். செங்கமலத்துக்கும் அதேதான்."

கைதட்டல் கூரையப் பிச்சுக்கிட்டுப் போச்சு. நக்கல் அடிச்ச வாத்தியார் எழுந்து நின்னு தட்டினாரு. பின்னால இருந்து யாரோ, இதான்யா கேக்குறதுன்னாங்க. கைதட்டாம இருந்தது ஒருத்திதான். சுப்புலட்சுமி ரெண்டாவது வரிசையில அப்பிடியே என்னைப் பாத்துகினு உக்காந்திருந்தா. அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.